குள்ளர்களுக்குக் கண் திறந்தேன்

அந்த கெஸ்ட் ஹவுஸ் கேட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று வாட்ச்மேன் இடுப்பில், இன்னொன்று மேனேஜர் மேஜையில். உள்ளே குடியிருந்த நானும் துரையும் இரண்டுமே இல்லாதவர்கள். துரை போய் நின்றால் உடனே திறப்பார்கள். நான் போய் நின்றால் "எதுக்கு?" என்பார்கள். எங்களுக்குள் அந்த வித்தியாசம் ஒன்றுதான்.

ஓசூரில் புதுசு புதுசாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. எண்பதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்துவிட்டு ஒரு கம்பெனி கேன்டீனில் கரண்டி பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனிக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பெரிய மெஷின் வந்தது. அதை நிறுத்தி ஓட்டிக் காட்டுவதற்குக் கூடவே ஒரு இன்ஜினியரும் வந்தார். அவரைத்தான் நாங்கள் துரை என்போம். வந்த புதிதில், அவருக்கு வைத்திருந்த சமையல்காரர் சொல்லாமல் ஊருக்குப் போய்விட, துரை பஸ் ஸ்டாண்டு பக்கம் எதையோ வாங்கித் தின்று மஞ்சள் காமாலையில் விழுந்தார். பிழைத்து எழுந்தாரே தவிர, அதற்கப்புறம் அவர் கை லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இனிமே மூணு வேளையும் துரைக்கு உன் கையாலதான் சாப்பாடு. அவுட்ஹவுஸ்ல தங்கிக்க. துரை ஊருக்குக் கிளம்பற வரைக்கும் நீ ஒரு நாள் கூட நகரக் கூடாது. நகர்ந்தா அப்படியே போயிடு, திரும்பி வராதே."

சரிங்க சார் என்றேன். குடும்பம் உத்தனப்பள்ளியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பாள். கம்பெனி ஆள் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது. நான் உள்ளே நின்று கம்பிக்கு நடுவில் பேசுவேன். ஒரு நாள் மகள் கேட்டாள்: "அப்பா, உன்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்களா?" வாட்ச்மேன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்து வாழைத்தண்டு மாதிரித் துவண்டுவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று எங்கள் குலதெய்வம் முனியப்பனிடம் வேண்டினேன். "இவளைப் பிழைக்க வெச்சுக் குடுத்துடு. நானே தூக்கிட்டு வந்து உன் முன்னாடி நின்னு முடி இறக்கறேன்." நானே என்று சொல்லிவிட்டேன். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை அடிப்பார்கள், அப்பன் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் வாக்கு என்னுடையது.

எங்கள் முனியப்பன் பாரூருக்கு அந்தப் பக்கம், ஊத்தங்கரை போகிற வழியில், ஒரு மேட்டுக் காட்டில் இருக்கிறார். வருஷத்தில் ஒரே நாள், பங்குனியில், பங்காளிகள் எல்லோரும் கூடிப் பொங்கல் வைப்போம். முடி இறக்குவது அன்றைக்கு மட்டும்தான். அதுவும் ஒற்றைப்படை வயசில்தான். மகளுக்கு மூணாவது வயசில் அந்த நாள் வந்தபோது நான் இந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. வாயைத் திறக்க முடியவில்லை. நாலாவது வயசு ஆகாது. இப்போது ஐந்து நடக்கிறது. இந்தப் பங்குனியை விட்டால் இனி ஏழில்தான். முடி இடுப்பு வரைக்கும் வளர்ந்து சிக்குப் பிடித்துக் கிடந்தது. பால்வாடியில் பிள்ளைகள் அவளைச் 'சடைச்சி' என்றே கூப்பிட்டார்கள்.

"மூணுல மெஷின்னீங்க, இப்பவும் மெஷின்னு சொல்லாதீங்க" என்றாள் மனைவி. "முனியப்பன் உங்க மெஷினைப் பார்த்ததில்லை."

துரை வேலை முடிந்து சாயங்காலம் நாலரைக்கு வந்துவிடுவார். எங்கேயும் போக மாட்டார், போகவும் இடம் இல்லை. டீ குடித்துவிட்டு டைனிங் டேபிளில் ஒரு பெட்டியைத் திறப்பார். உள்ளே பருத்தித் துணியில் சுற்றிச் சுற்றி ஈயப் பொம்மைகள். எல்லாம் கட்டைவிரல் அளவு, குள்ள குள்ளமான ஆட்கள். தாடி தொப்புளுக்குக் கீழே தொங்கும். தலையில் இரும்புக் குல்லா, கையில் கோடரி, சுத்தியல், வில். சின்னச் சின்ன டப்பாக்களில் எனாமல் பெயின்ட். ஊசி முனை மாதிரி பிரஷ். முதலில் கறுப்பாக அடித்துக் காயவைப்பார். பிறகு பிரஷ்ஷைத் துணியில் துடைத்துத் துடைத்து, ஒட்டியும் ஒட்டாமலும் வெள்ளிக் கலரைத் தேய்ப்பார். கவசத்தின் மேடுகள் மட்டும் பளபளக்கும், பள்ளம் கறுப்பாகவே இருக்கும். நான் டீ டம்ளரை எடுக்க மறந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அது ஒரு விளையாட்டுக்கான படை. அவர் ஊரில் மச்சான்காரன் ஒருவன் வேறு ஒரு படை வைத்திருக்கிறானாம். மேஜை மேல் இரண்டு படையையும் நிறுத்தி, டேப்பால் அளந்து அளந்து நகர்த்தி, தாயக்கட்டை மாதிரி ஒன்றை உருட்டிச் சண்டை போடுவார்களாம். துரையின் தமிழும் என் இங்கிலீஷும் சேர்ந்து இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. கோபால் பல்பொடி டப்பா மாதிரி இருக்கிற பெயின்ட் டப்பாவைக் காட்டி, "மெஷின் ரன், ஆர்மி ஃபினிஷ், ஐ கோ ஹோம்" என்றார் ஒரு நாள்.

எனக்கு அந்த மூன்றும் ஒன்றாகவே காதில் விழுந்தன. படை முடிந்தால் துரை போவார். துரை போனால் கேட் திறக்கும். கேட் திறந்தால் பங்குனிக்குப் போகலாம். மெஷின் என் கையில் இல்லை. பிரஷ் பிடிக்கலாமே என்று தோன்றியது. "ஐ பெயின்ட், சார்" என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கறுப்பு அடிக்கவும், பூட்ஸுக்குப் பழுப்பு வைக்கவும் கற்றுக்கொடுத்தார். பாத்திரம் கழுவியதும் தினமும் இரண்டு மூன்று ஆட்களை முடித்து வரிசையில் நிறுத்தினேன். தாடிக்கு மட்டும் நானே கலர் யோசித்தேன். சிலருக்கு மருதாணி பூசினது மாதிரி சிவப்பு, சிலருக்கு எங்கள் பெரிய பங்காளி மாதிரி வெள்ளை.

கடைசியில் எல்லோரும் நின்றார்கள். யாருக்கும் கண் இல்லை. துரை நடுங்கும் கையால் ஒருவனுக்கு வைத்துப் பார்த்தார். கறுப்பு வழிந்து கன்னத்துக்கு வந்துவிட்டது. துடைத்துவிட்டு பிரஷ்ஷை என் பக்கம் நீட்டினார். "யூ."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நாட் டுடே, சார்."

எங்கள் முனியப்பனுக்கு வருஷா வருஷம் வர்ணம் அடிப்பார்கள். உடம்பெல்லாம் அடித்து, மீசை அடித்து, அரிவாள் அடித்து, கடைசியாகத்தான் கண். கண் வைக்கும்போது எதிரே ஒருத்தரும் நிற்கக் கூடாது. திறந்ததும் முதலில் கண்ணாடியைக் காட்டுவார்கள், தன்னையே அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று. பிறகு பால். பிறகுதான் நாங்கள் முன்னால் போவோம். உருவத்துக்குக் கண் வைப்பதை நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன், வேறு மாதிரி என் கைக்கு வராது. இந்தக் குள்ளர்களுக்கும் தொப்பை, மீசை, கையில் ஆயுதம், முறைத்த முகம். ஈஸ்வரன் கோயில் மதிலில் உட்கார்ந்திருக்கும் பூதகணங்கள் பேன்ட் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்தேன். ராகு காலத்துக்கு முன்னாலேயே, துரை கம்பெனிக்குப் போனதும் உட்கார்ந்தேன். டேபிளுக்கு எதிரே என் சவரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். ஒரு டம்ளர் பால். பக்கவாட்டில் உட்கார்ந்தபடி வெள்ளை வைத்து, காய்ந்ததும் கறுப்புப் புள்ளி வைத்தேன். மத்தியானம் ஆகும்போது டேபிள் முழுக்க முழித்துக்கொண்டு நின்றார்கள். என் கை என்னை அறியாமல் குவிந்தது.

சாயங்காலம் துரை பார்த்துவிட்டு என் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார். இவ்வளவு பெரிய கண்ணை அவர் பார்த்ததே இல்லையாம். எல்லோரும் எதையோ கண்டு பயந்த மாதிரி இருக்கிறார்களாம். பயம் இல்லை சார், அதுதான் தெய்வப் பார்வை என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கண் திறந்தாயிற்று. திறந்த உருவத்தைப் பட்டினி போடக் கூடாது.

மறுநாள் காலை ஒரு ஸ்பூன் சர்க்கரையை அவர்கள் முன்னால் வைத்தேன். எறும்பு வந்துவிட்டது. துரை எழுந்து வந்து பார்க்கும்போது குள்ளர்களின் தாடியில் எல்லாம் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. "எனிமி ஆர்மி!" என்று கத்திச் சிரித்தார். அதற்கப்புறம் பொட்டுக்கடலைக்கு மாறினேன். தினமும் அவர்களுக்கு முதலில் வைத்துவிட்டுத்தான் துரைக்கு ஆம்லெட். வாட்ச்மேன் ஆனேக்கல் பக்கத்துக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டார். தினம் காலையில் கேட்டிலிருந்தே கேட்பார்: "ஏனப்பா, பட்டாளத்துக்கு ஊட்டா ஆச்சா? எனக்கு ஒரு டீ குடுக்க மாட்டே, ஈயத்துக்குக் கடலை போடறே!"

ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் மாறிவிட்டது.

"கண்ணு திறந்துட்டீங்களா? எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"கண்ணாடி காட்டினீங்களா?"

"காட்டினேன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, ஒரு முனியப்பனுக்குக் குடுத்த வாக்கையே காப்பாத்த முடியலை. இப்ப ஒரு பட்டாளத்தையே இழுத்து வீட்டுக்குள்ள வெச்சுட்டீங்க. நாளைக்குக் கேட்டைத் திறந்து விட்டாலும் அவங்களை விட்டுட்டு எப்படி வருவீங்க?"

வெளியே போகத்தான் பிரஷ் பிடித்தேன். அந்த பிரஷ்ஷே இன்னொரு பூட்டைப் போட்டுவிட்டது.

துரைக்கு இப்போது விளையாட ஆள் வேண்டும். மச்சான் இல்லாத குறைக்கு என்னை உட்கார வைத்தார். அவர் பக்கம் குள்ளர் படை. என் பக்கம் ஏலக்காய் டப்பா, பெருங்காய டப்பா, மிளகு சீசா. பச்சைப் போர்வை விரித்த டேபிளில் நகர்த்தினோம். என் பெருங்காய டப்பா போய் குள்ளர்களை அடிக்க வேண்டும், கட்டையில் ஆறு விழுந்தால் ஒருவன் சாவான். எனக்கு ஆறாக விழுந்தது. துரை ஒரு குள்ளனைக் குப்புறப் படுக்க வைத்தார். நான் நிமிர்த்தி வைத்தேன்.

"நோ, நோ. டெட்."

"நோ டெட், சார்."

"யூ கில்ட் ஹிம்!"

"மிஸ்டேக், சார்."

அதற்கப்புறம் நான் என் டப்பாக்களைப் பின்னாலேயே நகர்த்திக்கொண்டிருந்தேன். கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறவர்களை எப்படி அடிப்பது? ஒவ்வொரு நாளும் தோற்றேன். துரை நாலு நாளில் சலித்துப்போய் கட்டையை டப்பாவில் போட்டு மூடிவிட்டார். மெஷின் ஓடி நிற்கும், நின்று ஓடும். இங்கிலாந்திலிருந்து வர வேண்டிய ஒரு உருளை வரவில்லை. மாசியில் கிளம்ப இருந்தவரின் பயணம் தள்ளிப்போயிற்று. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ராயக்கோட்டை ரோட்டில் போகிற லாரிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் சமையலறை ஜன்னலில் நின்று அதே லாரிகளைப் பார்ப்பேன்.

பங்குனி நெருங்கியது. துரையிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். முடி இறக்குவது என்பதை விளக்க என் தலையில் கத்தியை இழுப்பது மாதிரி காட்டினேன். "பார்பர்? கோ, கோ" என்றார். நான் இல்லை என்றேன். கையை இடுப்பளவு காட்டி மகள் என்றேன். முடி இவ்வளவு நீளம், காட் வெயிட்டிங் என்றேன். கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டார். மறுநாளே மேனேஜரிடம் பேசினார். மேனேஜர் என் எதிரிலேயே, "ஷ்யூர், ஷ்யூர்" என்று தலையாட்டினார். துரை குளிக்கப் போனதும் என் பக்கம் திரும்பினார். "துரை நல்லவரு, சொல்லுவாரு. அன்னிக்கு ஹெட் ஆபீஸ்ல இருந்து ஆளுங்க வர்றாங்க, மத்தியானச் சாப்பாடு இங்கதான். நீ போனீன்னா மூட்டையோட போ."

போயிருக்கலாமே என்று இப்போது கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையை விட்டால் எங்களுக்கு வேறு அடுப்பு எரியாது. அது எனக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

அந்த ஞாயிறு மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. வெகுநேரம் மகளின் சடையில் பேன் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "அவங்கள்ல ஒருத்தரை அனுப்புங்க" என்றாள்.

"யாரை?"

"உங்க குள்ளர்ல ஒருத்தரை. நீங்க பூசி, நீங்க கண்ணு திறந்து, நீங்க சோறு போட்டவருதானே? நம்ம கோயில்ல உருவாரம் வைக்கறதில்லையா? கை சரியில்லாதவன் மண்ணுல கை செஞ்சு வைக்கறான். பிள்ளை இல்லாதவ பிள்ளை செஞ்சு வைக்கறா. நீங்க வர முடியலை, உங்களைச் செஞ்சு வைக்கறோம். அண்ணன் மடியில இவ உட்காரட்டும், இவ கையில நீங்க இருங்க."

வாட்ச்மேன் கேட்டுக்கொண்டிருந்தவர், "சரியாத்தான் சொல்லுது உன் பொண்டாட்டி" என்றார்.

துரையிடம் ஒன்று கேட்டேன். கோடரி பிடித்து, வெள்ளைத் தாடி வைத்து, முன் வரிசையில் நடுவில் நிற்பவன். முனியப்பனுக்கு அரிவாள், இவனுக்குக் கோடரி, பரவாயில்லை என்று பட்டது. துரை தயங்கினார். வரிசையில் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, ஒருவன் குறைந்தால் அந்த வரிசை முழுக்கவே பலவீனம் என்றார். வேறு எதையாவது எடுத்துக்கொள் என்றார். அவர் என் முகத்தைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். பிறகு தானே அவனை எடுத்து, நடுங்கும் கையால் என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டார்.

டிபன் பாக்ஸில் பச்சரிசி போட்டு, அதன் நடுவில் அவனை நிற்க வைத்து, மஞ்சள் துணியால் கட்டினேன். கட்டுவதற்கு முன் குனிந்து, "நானே வர்றேன்னு சொன்னவன் நான்தான். என்னால முடியலை. நீ போய் நில்லு" என்றேன். மனைவி வாங்க வந்தபோது கம்பிக்கு நடுவில் டிபன் பாக்ஸ் நுழையவில்லை. வாட்ச்மேன் சாவியை எடுத்து, ஒரு கை அளவுக்குக் கேட்டைத் திறந்தார்.

அந்த நாள் காலையிலிருந்து ஹெட் ஆபீஸ் ஆட்களுக்குக் கோழி வறுத்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் பாரூர் ஏரி தாண்டியிருப்பார்கள், இந்நேரம் பானை வைத்திருப்பார்கள் என்று அடுப்பைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். "உப்பு ஜாஸ்தி" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

மறுநாள் சாயங்காலம் மனைவி கேட்டில் நின்றாள். மகள் தலையில் முடி இல்லை. சந்தனம் பூசி, காயாத பலாக்கொட்டை மாதிரி வழவழவென்று நின்றாள்.

"பங்காளிங்க என்னா சிரிப்பு தெரியுமா? 'உன் வீட்டுக்காரரு ஓசூரு தண்ணியில இவ்ளோ சுருங்கிட்டாரா'ன்னு கேக்கறாங்க. பூசாரி ஒத்துக்கலை. 'வாக்குக் குடுத்தவன் வரணும், வெள்ளைக்காரன் பொம்மை வரக் கூடாது'ங்கறாரு. நான் விடலை. 'பூ போட்டுக் கேளுங்க, அவரே சொல்லட்டும்'னேன். முனியப்பன் தோள்ல ரெண்டு பக்கமும் பூ வெச்சாங்க. வலது விழுந்தா சரி, இடது விழுந்தா இல்லை. விழவே மாட்டேங்குது. எல்லாரும் நிக்கறாங்க. பானை வேற பொங்கி வழியுது, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. இவ உங்களைக் கையில பிடிச்சுக்கிட்டு, 'அப்பா, பூவைத் தள்ளு, அப்பா, பூவைத் தள்ளு'ங்கறா..."

"அப்புறம்?"

"வலதுதாங்க. வலதுதான் விழுந்துச்சு." அதற்கப்புறம்தான் அவள் அழுதாள்.

கம்பிக்கு நடுவில் கையை விட்டேன். மகள் தலையைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் முட்டிக்கொண்டு நின்றாள். சந்தனம் ஒட்டியது. அன்றைக்கு நான் கை கழுவாமலேயே துரைக்கு டீ கொண்டுபோனேன்.

உருளை வந்து மெஷின் ஓட ஆவணி ஆயிற்று. துரை குள்ளர்களைத் துணியில் சுற்றும்போது நான் பொட்டுக்கடலைப் பொட்டலம் ஒன்றைப் பெட்டி ஓரத்தில் வைத்தேன். "டெய்லி, சார்." "டெய்லி" என்றார் அவரும், சிரிக்காமல். முன் வரிசையின் நடுவில் ஒரு ஆள் இடத்தை அவர் அப்படியே விட்டுச் சுற்றினார். அவர் கார் போனதும் கேட் ஒரு நிமிஷம் திறந்தே கிடந்தது. நான் உள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். வாட்ச்மேன்தான், "போப்பா" என்றார்.

அடுத்த பங்குனிக்கு நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகப் போனோம். முனியப்பன் எதிரில் மண் குதிரை, மண் பிள்ளை, மண் கை வரிசைக்கு நடுவே குள்ளன் முழங்கால் வரை மண்ணில் புதைந்து நின்றான். யாரோ எண்ணெய் தடவி, இடுப்பில் சிவப்புத் துணிக் கிழிசல் சுற்றியிருந்தார்கள். கூட்டத்தில் எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. அந்த வீட்டிலிருந்து வந்த பழக்கம், எங்கேயும் யாராவது சொன்னால்தான் நகர்வேன். வேலி ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

மகள் வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "அங்க இல்லைப்பா. நீ இங்கதான் நிக்கறே" என்று குள்ளனைக் காட்டினாள்.

போய் அவனுக்குப் பின்னால், அதே பக்கம் பார்த்து உட்கார்ந்தேன்.